உளவுத் திரைப்படங்களின் உடையும் கருவியும்: மங்காத ஈர்ப்பின் வரலாறு

உளவுத் தொழிலின் முதல் விதி பிறர் கண்ணில் படாமல் இருப்பது. கூட்டத்தில் ஒருவராகக் கலந்து, பார்த்தவர் மனத்தில் முகம் தங்காதபடி நடமாடுபவரே திறமையான உளவாளி. உளவாளியைப் பற்றிய திரைப்படங்களோ இதற்கு நேர்மாறான வேலையைச் செய்தன. எல்லோரும் திரும்பிப் பார்க்கும் ஆடையையும், எல்லோரும் வாங்க விரும்பும் கைக்கடிகாரத்தையும், எல்லோருக்கும் பெயர் தெரிந்த காரையும் அவை உளவாளிக்கு அளித்தன. 1962-இல் வெளிவந்த 'டாக்டர் நோ' படத்தில் ஷான் கானரி அணிந்த சாம்பல் நிற சூட்டை இன்று ஒருவர் அணிந்து சென்றாலும் அது பழைய காலத்து உடையாகத் தோன்றுவதில்லை. அதே காலத்தின் வேறு பல உடைகள் பழைய புகைப்படங்களில் மட்டுமே எஞ்சியுள்ளன.

இந்த ஈர்ப்பு அறுபது ஆண்டுகளைக் கடந்தும் நீடிப்பதற்குப் பளபளப்பு மட்டும் காரணமன்று. நிலைத்து நின்ற பொருள்களில் பெரும்பாலானவை திரைப்படத்துக்காகக் கற்பனை செய்யப்பட்டவை அல்ல. படைவீரர், முக்குளிப்பவர், தையற்காரர், துப்பாக்கி வல்லுநர் ஆகியோரின் உலகில் ஏற்கெனவே பயன்பட்டு வந்தவை அவை. அவற்றை அணிவதன் மூலம், பிறப்பால் கிடைக்காத ஒரு தகுதியை எளிய மனிதரும் அடையலாம் என்ற நம்பிக்கையைத் திரைப்படங்கள் விதைத்தன. இவ்விரண்டும் சேர்ந்த வரலாற்றை இக்கட்டுரை கூறுகிறது.

போர்க்காலப் பின்னணி

உடைக்குள் கருவியை ஒளித்து வைக்கும் வழக்கம் திரைப்படத்துக்கு முன்பே போர்க்களத்தில் தோன்றியது. இரண்டாம் உலகப் போரில் எதிரி நாட்டில் சிக்கிக்கொள்ளும் பிரித்தானிய வீரர்கள் தப்பி வருவதற்கு உதவ எம்.ஐ.9 என்ற பிரிவு இயங்கியது. அப்பிரிவில் பணியாற்றிய கிறிஸ்டோபர் கிளேட்டன் ஹட்டன் பட்டுத் துணியில் வரைபடங்களை அச்சிட்டார். பட்டு, மடித்தாலும் சலசலக்காது; நனைந்தாலும் கிழியாது. சட்டைப் பொத்தானுக்குள் சிறிய திசைகாட்டிகள் வைக்கப்பட்டன.

சார்லஸ் ஃபிரேசர்-ஸ்மித் என்பவர் வெளிப்பார்வைக்கு வழங்கல் அமைச்சகத்தின் துணிப் பிரிவில் வேலை செய்யும் சாதாரண அலுவலர். உண்மையில் அவர் இரகசியப் பிரிவுகளுக்கான கருவிகளைத் தருவித்துக் கொடுத்தவர். தலைவாரும் தூரிகைக்குள் வரைபடமும் சிறு இரம்பமும் ஒளித்து வைக்கப்பட்டன. திசைகாட்டி பொருத்திய பொத்தானின் திருகு மரை வழக்கத்துக்கு மாறாக எதிர்த்திசையில் அமைக்கப்பட்டது. சந்தேகப்படும் காவலர் அதைத் திறப்பதாக எண்ணித் திருகினால் அது இன்னும் இறுகும். வணிகக் கப்பல்போல் வேடமிட்ட போர்க்கப்பல்களுக்கு முதல் உலகப் போரில் 'கியூ கப்பல்' என்று பெயர் இருந்தது. அதைத் தழுவித் தம் பொருள்களுக்கு அவர் 'கியூ கருவிகள்' என்று பெயரிட்டார். பிற்காலத்தில் ஜேம்ஸ் பாண்ட் படங்களில் கருவிகளை வழங்கும் பாத்திரம் 'கியூ' என்றே அழைக்கப்பட்டது.

உயர்தர விருந்து உடையே வேடமாகப் பயன்பட்ட நிகழ்வும் உண்டு. 1941 நவம்பரில் பீட்டர் தாசலார் என்ற டச்சு உளவாளி, செருமானியப் படைகள் கைப்பற்றியிருந்த நெதர்லாந்தின் ஸ்கெவனிங்கன் கடற்கரையில் இரவில் இறக்கிவிடப்பட்டார். நீர் புகாத மேலுடைக்குள் அவர் விருந்துக்குரிய கறுப்பு கோட்டு அணிந்திருந்தார். கரையேறியதும் மேலுடையைக் கழற்றிவிட்டு, குடித்துவிட்டு விருந்திலிருந்து திரும்புபவர்போல் நடந்தார். வாடை வர வேண்டும் என்பதற்காக அவர்மீது பிராந்தியும் தெளிக்கப்பட்டிருந்தது. 1964-இல் வெளிவந்த 'கோல்ட்ஃபிங்கர்' படத்தின் தொடக்கக் காட்சியில் பாண்ட் முக்குளிப்பு உடையைக் கழற்றுகிறார். உள்ளே சற்றும் கசங்காத வெள்ளை விருந்துக் கோட்டு இருக்கிறது; அதில் ஒரு சிவப்புப் பூவைச் செருகிக்கொள்கிறார். இரண்டு காட்சிகளும் ஒன்றுபோல் தோன்றினாலும் நோக்கம் வேறு. தாசலார் மறைவதற்காக அந்த உடையை அணிந்தார். பாண்ட் பார்க்கப்படுவதற்காக அணிந்தார்.

எழுத்தில் பிறந்த உடை

பாண்ட் பாத்திரத்தைப் படைத்த இயன் ஃபிளெமிங் போர்க்காலத்தில் பிரித்தானியக் கடற்படை உளவுத்துறையின் தலைவர் ஜான் காட்ஃபிரேயின் தனி உதவியாளராக இருந்தவர். அவருடைய முதல் நாவலான 'கசினோ ராயல்' 1953 ஏப்ரலில் வெளிவந்தது. பிரித்தானியாவில் துணிக்கான பங்கீட்டு முறை 1949-இல்தான் முடிவுக்கு வந்திருந்தது. நாவல் வெளிவந்தபோது சர்க்கரையும் இறைச்சியும் இன்னும் பங்கீட்டில்தான் கிடைத்தன. 1954 சூலையில்தான் பங்கீடு முழுமையாக நீங்கியது. போரில் வென்ற நாடு கடனிலும் தட்டுப்பாட்டிலும் வாழ்ந்தது. பேரரசும் சுருங்கிக்கொண்டிருந்தது. அத்தகைய வாசகருக்கு, நல்ல துணியையும் நல்ல உணவையும் பெயர் சொல்லி விவரிக்கும் நாவல் ஒரு விருந்தாக அமைந்தது.

ஃபிளெமிங்கின் பாண்ட் அணிவது எளிய உடைதான். கருநீல சூட், கடல்தீவுப் பருத்தியாலான வெள்ளைச் சட்டை, பின்னல் பட்டாலான கறுப்பு டை, கயிறு கட்டாத காலணி ஆகியவை நாவல்தோறும் திரும்பத் திரும்ப வருகின்றன. பொருள்களைப் பெயரோடும் விவரத்தோடும் குறிப்பிட்டு, நம்ப முடியாத கதையை நம்பத்தக்கதாக ஆக்கும் இம்முறையை எழுத்தாளர் கிங்ஸ்லி ஏமிஸ் 'ஃபிளெமிங் விளைவு' என்று அழைத்தார்.

விவரம் பிழையானால் வாசகர் சும்மா இருக்கவில்லை. கிளாஸ்கோ நகரைச் சேர்ந்த துப்பாக்கி ஆர்வலர் ஜெஃப்ரி பூத்ராய்டு 1956-இல் ஃபிளெமிங்குக்குக் கடிதம் எழுதினார். பாண்ட் வைத்திருக்கும் சிறிய பெரெட்டா துப்பாக்கி இத்தொழிலுக்கு ஏற்றதன்று என்பது அவருடைய வாதம். ஃபிளெமிங் அதை ஏற்றுக்கொண்டார். 1958-இல் வந்த 'டாக்டர் நோ' நாவலில் பாண்டின் கையில் வால்தர் பிபிகே துப்பாக்கி வந்தது. அதை வழங்கும் ஆயுத அலுவலருக்கு மேஜர் பூத்ராய்டு என்ற பெயரே சூட்டப்பட்டது. திரையில் இன்றுவரை பாண்டின் அடையாளமாக விளங்கும் துப்பாக்கி, ஒரு வாசகரின் திருத்தத்தால் வந்து சேர்ந்தது.

பால்காரருக்குக் கற்பிக்கப்பட்ட உடை

'டாக்டர் நோ' திரைப்படம் 1962 அக்டோபர் 5 அன்று இலண்டனில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. கதாநாயகனாக நடித்த ஷான் கானரி எடின்பரோ நகரின் ஃபவுண்டன்பிரிட்ஜ் என்ற தொழிலாளர் குடியிருப்பில் பிறந்தவர். சிறு வயதிலேயே பள்ளியை விட்டுவிட்டுப் பால் வண்டி ஓட்டியவர்; கடற்படையில் சேர்ந்து வெளியேறியவர்; உடற்கட்டுப் போட்டிகளில் கலந்துகொண்டவர். நாவலின் பாண்டோ ஈட்டன் பள்ளியில் பயின்ற உயர்குடி மனிதர்.

இந்த இடைவெளியை நிரப்பியவர் இயக்குநர் டெரன்ஸ் யங். அவர் போர்க்காலத்தில் ஐரிஷ் கார்ட்ஸ் படைப்பிரிவில் பணியாற்றியவர். நன்றாக உடுத்துபவர் என்று பெயர் பெற்றவர். அவர் கானரியைத் தம்முடைய தையற்காரரான அந்தோணி சின்க்ளேரிடம் அழைத்துச் சென்றார். இலண்டன் காண்டுயிட் தெருவில் கடை வைத்திருந்த சின்க்ளேர், படை அதிகாரிகளுக்குச் சூட் தைப்பவர். சட்டைகள் டர்ன்புல் அண்ட் ஆசர் நிறுவனத்தில் தைக்கப்பட்டன. புதிய சூட் உடலோடு ஒட்டிப் பழகுவதற்காக அதை அணிந்துகொண்டே தூங்குமாறு யங் கானரியிடம் கூறியதாகச் சொல்லப்படுகிறது.

சின்க்ளேரின் வெட்டு 'காண்டுயிட் வெட்டு' எனப் பெயர் பெற்றது. ஒற்றை வரிசையில் இரண்டு பொத்தான், இயல்பான தோள், சற்று நிறைந்த மார்பு, ஒடுங்கிய இடை, குறுகிய காலர் என்பன அதன் இலக்கணம். கால்சட்டைக்கு பெல்ட் கிடையாது. இடுப்பின் இருபுறமும் உள்ள சிறு பட்டைகளை இழுத்து இறுக்கிக்கொள்ளலாம். நிறங்கள் சாம்பலும் கருநீலமும்தான். கண்ணை உறுத்தும் எதுவும் அதில் இல்லை. அகன்ற தோளுடைய உடற்கட்டு வீரரின் உடலை இந்த வெட்டு அடக்கமாகக் காட்டியது.

உயர்குடியினரின் இயல்பான தோரணை என்று பார்வையாளர் நினைத்தது, சில மாதங்களில் ஒரு தொழிலாளியின் மகன் கற்றுக்கொண்ட பாடம். இதனால்தான் அந்த உடைக்குத் திரைக்கு வெளியே அவ்வளவு வலிமை ஏற்பட்டது. பிறப்பு, பள்ளி, பேச்சு ஆகியவற்றால் மனிதரை அளந்த சமூகத்தில், ஒரு நல்ல தையற்காரர் அந்த அளவுகோலைச் சற்று வளைத்துவிடலாம் என்று அது காட்டியது.

இதை நேரடியாகச் சோதித்துப் பார்த்தவர் ஜார்ஜ் லேசன்பி. ஆத்திரேலியாவில் கார் விற்றவரும் பின்னர் இலண்டனில் விளம்பர மாடலாக இருந்தவருமான அவருக்கு நடிப்பு அனுபவம் இல்லை. கானரி விலகியபின் அவ்விடத்தைப் பிடிக்க விரும்பிய லேசன்பி, கானரிக்கு முடி திருத்தியவரிடம் முடி வெட்டிக்கொண்டார். சின்க்ளேரின் கடையில் ஒரு சூட்டையும், ரோலக்ஸ் கடிகாரம் ஒன்றையும் வாங்கி அணிந்துகொண்டு தயாரிப்பாளர்களைச் சந்தித்தார். 1969-இல் வெளிவந்த 'ஆன் ஹர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்' படத்தில் அவரே பாண்ட்.

கைக்கடிகாரமும் அதன் பட்டையும்

முதல் படங்களில் கானரி அணிந்தது ரோலக்ஸ் சப்மரினர் வகையைச் சேர்ந்த 6538 என்ற கடிகாரம். 1950-களில் முக்குளிப்பவர்களுக்காக உருவாக்கப்பட்ட வகை இது. பிரித்தானியக் கடற்படையின் முக்குளிப்பவர்களும் இவ்வகையைப் பயன்படுத்தினர். கறுப்பு முகப்பு, இருட்டில் ஒளிரும் குறிகள், நீருக்கடியில் கழிந்த நேரத்தை அளக்கச் சுழற்றும் வளையம் ஆகியவை அனைத்தும் தேவைக்காக அமைந்தவை. அலங்காரத்துக்காக எதுவும் சேர்க்கப்படவில்லை. இன்று கடலையே பார்க்காதவர்களும் முக்குளிப்புக் கடிகாரத்தை அலுவலகத்துக்கு அணிந்து செல்வதற்கு இந்தக் காட்சிகளும் ஒரு காரணம்.

'கோல்ட்ஃபிங்கர்' படத்தில் அக்கடிகாரம் கோடுகள் கொண்ட துணிப் பட்டையில் காணப்படுகிறது. பட்டை கடிகாரத்தின் அகலத்துக்குப் பொருந்தாமல் ஒடுங்கியிருப்பது காட்சியில் தெளிவாகத் தெரிகிறது. ஆயினும் அந்தப் பொருந்தாமையே பின்னர் பாணியாயிற்று. பல ஆண்டுகள் இரசிகர்கள் அதைக் கறுப்பும் சாம்பலும் கலந்த பட்டை என்று நம்பினர். கடைகளிலும் அவ்வாறே 'பாண்ட் பட்டை' விற்கப்பட்டது. உயர் தெளிவுப் பதிப்புகள் வந்தபின்தான் அது கருநீலத்தில் பச்சையும் மெல்லிய சிவப்புக் கோடும் கொண்டது என்பது தெரிந்தது. 'நேட்டோ பட்டை' என்ற பெயரும் இதற்குப் பொருந்தாது. அப்பெயரோடு தொடர்புடைய பிரித்தானியப் பாதுகாப்புத் துறையின் தர விவரம் 1973-இல்தான் வந்தது. அதாவது படம் வெளிவந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பின்.

1965-இல் வந்த 'தண்டர்பால்' படத்துக்காக பிரைட்லிங் நிறுவனத்தின் கடிகாரம் ஒன்று கதிரியக்கம் அளக்கும் கருவிபோல் மாற்றியமைக்கப்பட்டது. படப்பிடிப்புக்குப்பின் காணாமற்போன அக்கடிகாரம், பிரித்தானியாவில் ஒரு பழைய பொருள் சந்தையில் 25 பவுண்டுக்கு வாங்கப்பட்டது. 2013-இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அது 1,03,875 பவுண்டுக்கு விற்றது.

வாகனமும் கருவிப்பெட்டியும்

பாண்ட் படங்களில் முதன்முதலாகக் கருவி ஒரு தனிப் பாத்திரம்போல் தோன்றியது 1963-இல் வந்த 'ஃபிரம் ரஷ்யா வித் லவ்' படத்தில். கறுப்புத் தோல் கைப்பெட்டி ஒன்றில் மறைகத்தி, 50 தங்க நாணயங்கள், பிரித்து மடக்கும் துப்பாக்கி, முகப்பூச்சு மாவு டப்பா வடிவில் கண்ணீர்ப்புகைக் குப்பி ஆகியவை இருந்தன. வெளியே பார்ப்பவருக்கு அது அலுவலகம் செல்பவரின் பெட்டி மட்டுமே. போர்க்காலத்துப் பொத்தான் திசைகாட்டியின் நேர் வாரிசு என்று இப்பெட்டியைக் கூறலாம்.

அடுத்த ஆண்டு 'கோல்ட்ஃபிங்கர்' படத்தில் ஆஸ்டன் மார்ட்டின் டிபி5 கார் வந்தது. தயாரிப்பு வடிவமைப்பாளர் கென் ஆடமும் சிறப்பு விளைவு வல்லுநர் ஜான் ஸ்டியர்சும் அதில் இயந்திரத் துப்பாக்கி, புகைத்திரை, எண்ணெய் கொட்டும் அமைப்பு, பக்கத்தில் இருப்பவரைக் கூரைவழியே தூக்கி எறியும் இருக்கை ஆகியவற்றைப் பொருத்தினர். சுழன்று மாறும் எண் பலகை, வண்டி நிறுத்தியதற்காக அடிக்கடி அபராதச் சீட்டு வாங்கிய இயக்குநர் கை ஹாமில்டனின் எரிச்சலில் பிறந்த யோசனை. சாலையில் செல்லும் சாதாரண மனிதர் ஒவ்வொருவரும் விரும்பக்கூடிய வசதி என்பதால் அது பார்வையாளரைச் சிரிக்க வைத்தது.

1965 அக்டோபரில் கார்கி நிறுவனம் இக்காரின் பொம்மை வடிவத்தை 9 ஷில்லிங் 11 பென்சு விலையில் வெளியிட்டது. பொத்தானை அழுத்தினால் பொம்மை மனிதர் கூரைவழியே பறப்பார். உண்மைக் காரை ஒருபோதும் வாங்க முடியாத குடும்பங்களின் குழந்தைகள் அதைக் கையில் வைத்து விளையாடினர். அக்குழந்தைகளில் சிலர் வளர்ந்து செல்வரானபோது உண்மைக் காருக்கும் சந்தை உருவானது. 2019-இல் 'தண்டர்பால்' விளம்பரத்துக்குப் பயன்பட்ட டிபி5 ஒன்று 63 இலட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. 2020-இல் ஆஸ்டன் மார்ட்டின் நிறுவனம் படத்தில் வருவதுபோன்ற கருவிகளோடு 25 கார்களை, வரி நீங்கலாக 27.5 இலட்சம் பவுண்டு விலையில், மீண்டும் தயாரித்து விற்றது. அவற்றைப் பொதுச்சாலையில் ஓட்டச் சட்ட அனுமதி இல்லை. அவ்வகையில் அவையும் பொம்மைகளே.

கருவிகள் எவ்வளவு நம்பத்தக்கதாகத் தோன்றின என்பதற்கு 'தண்டர்பால்' படம் சான்று. அதில் பாண்ட் பயன்படுத்தும் முதுகில் கட்டிப் பறக்கும் எந்திரம் உண்மையில் இயங்கியது. ஆனால் ஏறத்தாழ 20 வினாடிகளே பறக்கும். அதே படத்தில் வரும், வாயில் கவ்விக்கொள்ளும் சிறிய சுவாசக் கருவியோ வெறும் நாடகப்பொருள். அது எவ்வளவு நேரம் வேலை செய்யும் என்று பிரித்தானியப் படையின் பொறியாளர் பிரிவிலிருந்து ஒருவர் தொலைபேசியில் கேட்டதாகவும், மூச்சை எவ்வளவு நேரம் அடக்க முடியுமோ அவ்வளவு நேரம் என்று விடை சொன்னதாகவும் கலைப்பிரிவில் பணியாற்றிய பீட்டர் லமான்ட் நினைவுகூர்ந்துள்ளார்.

மூக்குக்கண்ணாடி அணிந்த உளவாளி

பாண்ட் படங்களின் தயாரிப்பாளர்களுள் ஒருவரான ஹாரி சால்ட்ஸ்மன், அதற்கு மாறான ஓர் உளவாளியையும் திரைக்குக் கொண்டுவந்தார். லென் டெய்ட்டனின் நாவலைத் தழுவி 1965-இல் வந்த 'தி இப்கிரெஸ் ஃபைல்' படத்தில் மைக்கேல் கெயின் நடித்த ஹாரி பாமர், தடித்த கறுப்புச் சட்டமுள்ள மூக்குக்கண்ணாடி அணிகிறார். மேலே மழைக்கோட்டு. கடையில் காய்கறி டப்பா வாங்குகிறார், காப்பிக்கொட்டை அரைக்கிறார், தாமே சமைக்கிறார், சம்பள உயர்வு பற்றிக் கவலைப்படுகிறார். கெயினும் இலண்டன் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர்தான். ஆனால் பாமர் தம் பிறப்பை மறைப்பதில்லை, பேச்சை மாற்றிக்கொள்வதுமில்லை.

அதுவரை வலிமைக் குறைவின் அடையாளமாகக் கருதப்பட்ட மூக்குக்கண்ணாடியைக் கதாநாயகனின் அழகாக மாற்றியது இப்படம். அந்தக் கண்ணாடிச் சட்டத்தின் வடிவம் இன்றும் விற்பனையில் உள்ளது. பாமரின் மழைக்கோட்டுக்கும் படைவீரர் மரபு உண்டு. தாமஸ் பர்பெரி 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவாக்கிய நீர் ஒட்டாத கபர்டீன் துணியும், முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் அதிகாரிகள் அணிந்த நீண்ட கோட்டும் அதன் மூதாதையர்.

பெண்களின் உடை

பாண்டுக்கு முந்தைய உளவுப் படங்களில் அலங்காரம் பெரும்பாலும் பெண்ணுக்கே உரியதாக இருந்தது. 1931-இல் வந்த 'மாதா ஹரி' படத்தில் கிரேட்டா கார்போவின் ஆடைகள் கதையைவிடப் பெரிதாகப் பேசப்பட்டன. 1962-இல் 'டாக்டர் நோ' படத்தில் அர்சுலா ஆன்ட்ரெஸ் வெள்ளை நீச்சலுடையில் கடலிலிருந்து எழுந்து வரும் காட்சி இதன் தொடர்ச்சி. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அவர் இடுப்பில் படைவீரர் பாணிப் பட்டையும் உறையிட்ட கத்தியும் இருந்தன. அந்த நீச்சலுடை 2001-இல் 40,000 பவுண்டுக்கும் மேல் ஏலம் போனது. 2002-இல் ஹாலி பெர்ரி அதே பட்டையும் கத்தியுமாக அக்காட்சியை மீண்டும் நடித்தார்.

இன்னும் பெரிய மாற்றம் தொலைக்காட்சியில் நிகழ்ந்தது. பிரித்தானியாவின் 'தி அவெஞ்சர்ஸ்' தொடரில் 1965 முதல் டயானா ரிக் நடித்த எம்மா பீல், ஆண் உளவாளிக்குச் சமமாகச் சண்டையிட்டவர். அவருக்காக ஜான் பேட்ஸ் வடிவமைத்த உடைகள் அசைவுக்கு ஏற்றவை. 'அவெஞ்சர்ஸ்வேர்' என்ற பெயரில் அவை கடைகளிலும் விற்பனைக்கு வந்தன. திரையில் பார்த்த உளவாளியின் உடையைப் பெண்கள் அப்படியே வாங்கி அணியும் வாய்ப்பு அப்போது உண்டானது.

காலத்தோடு மங்கியவை

உளவுப் படங்களில் வந்தவை அனைத்தும் நிலைக்கவில்லை. 1973 முதல் 1985 வரை பாண்டாக நடித்த ரோஜர் மூர், எழுபதுகளின் அகன்ற காலர், கீழே விரிந்த கால்சட்டை, வேட்டைக்குச் செல்பவர்போன்ற சஃபாரி மேற்சட்டை ஆகியவற்றை அணிந்தார். தையல் தரத்தில் அவை குறைந்தவை அல்ல. ஆனால் அந்தந்த ஆண்டின் நாகரிகத்தைப் பின்தொடர்ந்ததால் அந்த ஆண்டோடு அவையும் நின்றுவிட்டன.

கடிகாரத்திலும் இதே கதைதான். 1973-இல் 'லிவ் அண்ட் லெட் டை' படத்தில் பொத்தானை அழுத்தினால் சிவப்பு எண்கள் ஒளிரும் ஹாமில்டன் பல்சர் கடிகாரம் எதிர்காலத்தின் அடையாளமாகக் காட்டப்பட்டது. 1977-இல் 'தி ஸ்பை ஹூ லவ்டு மீ' படத்தில் செய்தியை நாடாவில் அச்சிட்டுத் தரும் சைக்கோ கடிகாரம் வந்தது. புதுமையே அவற்றின் கவர்ச்சி. புதுமை தீர்ந்ததும் அவை சேகரிப்பாளரின் ஆர்வப்பொருளாகச் சுருங்கின. முக்குளிப்பவரின் கறுப்பு முகப்புக் கடிகாரம் மட்டும் மீண்டும் வந்தது.

வணிகத்தின் கை

முதற்படங்களில் பொருள்கள் பெரும்பாலும் பாத்திரத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டன. 1990-களில் நிலைமை மாறியது. 1995-இல் 'கோல்டன்ஐ' படத்தில் பாண்ட் பிஎம்டபிள்யூ இசட்3 காரில் தோன்றினார். அதே படத்தில் உடை வடிவமைப்பாளர் லிண்டி ஹெமிங், பாண்ட் ஒரு கடற்படை அதிகாரி என்பதை மனத்தில் கொண்டு ஒமேகா சீமாஸ்டர் கடிகாரத்தைத் தேர்ந்தெடுத்தார். அன்று முதல் ஒமேகாவே பாண்டின் கடிகாரம். 2006-இல் வந்த 'கசினோ ராயல்' படத்தில் கடிகாரத்தின் பெயர் உரையாடலிலேயே இடம்பெற்றது. பிஎம்டபிள்யூ மூன்று படங்களோடு விலக, பழைய டிபி5 திரும்பத் திரும்ப வந்தது. பணம் கொடுத்தால் ஒரு பொருளைத் திரையில் வைக்கலாம். பார்வையாளர் மனத்தில் அது தங்கும் என்பதற்கு உறுதியில்லை.

மேத்யூ வானின் 'கிங்ஸ்மேன்: தி சீக்ரெட் சர்வீஸ்' படம் 2015 தொடக்கத்தில் திரைக்கு வந்தபோது, அதில் வரும் சூட், காலணி, மூக்குக்கண்ணாடி ஆகியவை இணையக் கடையிலும் விற்பனைக்கு வந்தன. இலண்டன் சாவில் ரோ தெருவின் தையற்கடை ஒன்று இரகசிய அமைப்பின் வாயிலாக இருப்பதே அப்படத்தின் அடிப்படை. ஏழைக் குடியிருப்பில் வளரும் இளைஞன் ஒருவனுக்கு மூத்த உளவாளி சூட் தைத்துக் கொடுத்து, நடத்தையும் கற்பிக்கிறார். 1962-இல் காண்டுயிட் தெருவில் கானரிக்கு நடந்ததை இப்படம் கதையாகவே ஆக்கிக்கொண்டது எனலாம். அப்போது மறைவில் நடந்த பாடம் இப்போது திரையிலும் விற்பனைப் பட்டியலிலும் வந்தது.

இந்தியாவிலும் தமிழ்த் திரையிலும்

பாண்ட் அலை தமிழ்த் திரையையும் எட்டியது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்த 'வல்லவன் ஒருவன்' (1966), 'சி.ஐ.டி. சங்கர்' (1970) ஆகிய படங்களில் துப்பறிபவராக நடித்த ஜெய்சங்கர் 'தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட்' என்று அழைக்கப்பட்டார். பி. ஆர். பந்துலு இயக்கிய 'ரகசிய போலீஸ் 115' (1968) படத்தில் எம்.ஜி.ஆர். எண்ணால் அறியப்படும் உளவு அதிகாரியாக வந்தார். கோட்டு, சூட்டு, கறுப்புக்கண்ணாடி, கைத்துப்பாக்கி என்ற தொகுப்பு, வெப்பத்தில் கோட்டு தேவைப்படாத ஊர்களிலும் துப்பறிபவரின் சீருடையாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. எழுத்தாளர் சுஜாதாவின் பங்களிப்போடு உருவான 'விக்ரம்' (1986) படத்தில் கமல்ஹாசன் உளவாளியாக நடித்தார். அப்பாத்திரத்தை 2022-இல் லோகேஷ் கனகராஜ் மீண்டும் திரைக்குக் கொண்டுவந்தார்.

பாண்டும் இந்தியாவுக்கு வந்தார். 1983-இல் வெளிவந்த 'ஆக்டோபசி' படத்தின் சில பகுதிகள் உதயப்பூரில் படமாக்கப்பட்டன. சென்னையைச் சேர்ந்த டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் அதில் பாண்டுக்கு உதவும் உளவாளியாக நடித்தார்.

நிலைத்ததன் காரணம்

அறுபது ஆண்டு வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால் நிலைத்த பொருள்களுக்குப் பொதுவான மூன்று பண்புகள் தெரிகின்றன. முதலாவது, அவை உண்மையான தேவையிலிருந்து வந்தவை. முக்குளிப்புக் கடிகாரம், மழைக்கோட்டு, அதிகாரியின் சூட் ஆகிய ஒவ்வொன்றுக்கும் திரைக்கு முன்பே ஒரு வேலை இருந்தது. இரண்டாவது, அவை அடக்கமானவை. வெளியே எளிமை, உள்ளே ஓர் இரகசியம் என்ற அமைப்பு பொத்தான் திசைகாட்டி முதல் கைப்பெட்டி வரை மாறவில்லை. மூன்றாவது, அவை கற்றுக்கொள்ளக்கூடியவை. எடின்பரோவின் பால்காரர் அணிந்து பழகியதை வேறொருவரும் பழகலாம் என்ற எண்ணம் அவற்றோடு ஒட்டிக்கொண்டது.

மூன்றாவது பண்பில் ஒரு முரண்பாடும் உண்டு. யாரும் அடையலாம் என்று தோன்றிய அப்பொருள்களின் விலை, அவற்றின் புகழால் பெரும்பாலோர் எட்ட முடியாத உயரத்துக்குப் போயிற்று. முக்குளிப்பவர் வேலைக்காகக் கட்டிய கடிகாரம் இன்று பெட்டகத்தில் பூட்டி வைக்கப்படுகிறது. எஞ்சி நிற்பது கானரி கற்ற பாடம் மட்டுமே: உடலுக்குப் பொருந்தும் உடை, தேவைக்கு மிஞ்சாத கருவி, இரண்டையும் அணிந்திருப்பதை மறந்துவிட்டு நடக்கும் இயல்பு. அதைப் பழகுவதற்கு ஏலத்துக்குப் போக வேண்டியதில்லை.